முனியாண்டி ஏன் முனீஷ் ஆனான்?

(‘பழைய பெயர்கள் மறைவதற்குப் பெரிதும் காரணம் காலமே! கூச்சமே!’ என்னும் பட்டிமன்றத்தில் ‘கூச்சமே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எல்லாப் பழியையும் தூக்கிக் காலத்தின் தலையிலே போட்டுவிட்டு, இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் பேரன் பேத்திகளோடு உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!

பேரன் பேத்தி என்று சொன்னேன். அந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறேன் அய்யா. பேரன் என்றால் யார்? பெயரன். பேத்தி என்றால்? பெயர்த்தி. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. உறவுக்குப் பெயரே பெயரிலிருந்து வந்திருக்கிறது பாருங்கள். வேறு எதை வைத்தாவது அந்த உறவைச் சொல்லியிருக்கலாம். ரத்தத்தை வைத்துச் சொல்லியிருக்கலாம், சொத்தை வைத்துச் சொல்லியிருக்கலாம். நம்ம ஆள் பெயரை வைத்துச் சொன்னான்.

இதிலே ஒரு வேடிக்கை நடக்கும். மாமனார் பெயர் சண்முகம். பிறந்த பிள்ளைக்கும் சண்முகம். ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது! அப்போ பெத்த பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? ‘டேய் சண்முகம், இங்க வாடா’ன்னா வாசல்ல இருக்கிற கிழவர் எழுந்து வந்துடுவாரே! (பலத்த சிரிப்பு) அதனால அந்தப் பிள்ளையை அய்யான்னு கூப்பிட்டாள், ராசான்னு கூப்பிட்டாள், அப்பூன்னு கூப்பிட்டாள். பெண் குழந்தையானால் ஆத்தா, பாப்பா. இன்றைக்கும் தெற்கே போனால் மூணு வயசுப் பிள்ளையை ‘வாங்கய்யா’ன்னு கூப்பிடுகிற தாயைப் பார்க்கலாம். அந்த மரியாதையிலே பாதி அந்தப் பிள்ளைக்கு, மீதி அந்தப் பெயருக்கு.

இப்போ நிலைமை என்ன? பெயரன் இருக்கிறான். பெயர்தான் இல்லை!

இதற்குக் காரணம் காலம் என்று எதிரணியில் சொன்னார்கள். ஒன்றும் தப்பில்லை, கொஞ்சம் உண்மை இருக்கிறது. சகோதரி ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் காலத்தில் ஆறு பிள்ளை, ஏழு பிள்ளை. முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், மூன்றாவது குலசாமிக்கு, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவரவர் இஷ்டம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. இந்த 1.8-க்குள்ளே எத்தனை தாத்தாவை உட்கார வைப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கைதட்டினேன் நானும்.

ஆனால் அய்யா, இடம் இல்லாததால் தாத்தா இறங்கினார் என்றால், அந்த இடம் காலியாகவா இருக்கிறது? அங்கே ஏதோ ஒரு ‘ஷ்’ ஏறி உட்கார்ந்திருக்கிறதே! (சிரிப்பு) ஒரே இடம்தான் என்றால் அந்த ஒரே இடத்தைத் தாத்தாவுக்குக் கொடுத்திருக்கலாமே? ஏன் கொடுக்கவில்லை? தாத்தா பெயர் முனியாண்டி. அதான் விஷயம்.

மதுரையிலிருந்து சென்னை வரைக்கும் முனியாண்டி விலாஸ் இருக்கிறது. திருமங்கலம் பக்கத்திலே வடக்கம்பட்டியிலே முனியாண்டி கோயில். அந்த உணவகக்காரர்கள் வருஷா வருஷம் ஒன்றுகூடி, அண்டா அண்டாவாகப் பிரியாணி ஆக்கி, ஊருக்கே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டு வரிசையிலே நின்று சாப்பிடுகிறோம். கடைக்கு வைத்தால் நாக்கில் எச்சில் ஊறுகிற பெயர், பிள்ளைக்கு வைக்கலாமா என்றால் மட்டும் ஏன் கசக்கிறது? (கைதட்டல்) காலம் மாறிப்போச்சு என்றால் கடைக்கும் அல்லவா மாறியிருக்க வேண்டும்?

காலத்தால் போன பெயரும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயர் இருந்தது. பிச்சை என்று இருந்தது. மூக்கன், மூக்காயி என்று இருந்தது. இதெல்லாம் கேவலமான பெயர் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை தம்பி. முதல் குழந்தை பிறந்தது, செத்தது. இரண்டாவது பிறந்தது, அதுவும் செத்தது. மூன்றாவது பிறந்ததும் அந்தத் தாய் என்ன செய்தாள்? குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய் அந்தப் பச்சை மண்ணைப் புரட்டி எடுத்தாள். ‘இது குப்பை, எமனே உனக்கு வேண்டாம்’ என்று குப்பன் என்று பெயர் வைத்தாள். இன்னொருத்தி ‘இது சாமி போட்ட பிச்சை’ என்றாள். இன்னொருத்தி குழந்தைக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்றாள். அழகான பெயர் வைத்தால் எமன் கண் பட்டுவிடுமே என்று அழகில்லாத பெயராகத் தேடித் தேடி வைத்தார்கள் அய்யா! இத்தனை பயந்து பயந்து காதலித்துப் பெயர் வைத்தவர்கள் உலகத்தில் யாராவது உண்டா?

இன்றைக்கு அந்தப் பெயர் இல்லை. ஏன்? 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது 13. தடுப்பூசி வந்தது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது, எமனை ஏமாற்ற வேண்டிய வேலை குறைந்தது. குப்பன் போனதற்கு நான் அழ மாட்டேன். அது காலம் செய்த நல்ல காரியம், எதிரணி கணக்கிலே வரவு வைத்துக்கொள்ளுங்கள். (கைதட்டல்)

எங்கள் அணிக்கும் இதைப் போல ஒன்று உண்டு. போதும்பொண்ணு என்று ஒரு பெயர். வேண்டாம் என்றே ஒரு பெயர். வரிசையாகப் பெண் பிறந்தால், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று, பிறந்து கிடக்கிற குழந்தையைப் பார்த்து ‘நீ வேண்டாம்’ என்று சொல்லி அதையே பெயராக்கினார்கள். பள்ளிக்கூடத்திலே டீச்சர் ‘வேண்டாம்’ என்று கூப்பிட, அந்தப் பிள்ளை ‘உள்ளேன் அம்மா’ என்று எழுந்து நிற்கணும். யோசிச்சுப் பாருங்க. (அரங்கில் அமைதி) இந்தப் பெயர் குறைந்ததற்குக் காரணம் கூச்சம்தான். சமுதாயம் கூசியது. கூச வேண்டிய இடத்தில் கூசியது.

அதேபோல 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை வெட்டி எறிய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எத்தனையோ மாநிலங்களில் இன்றைக்கும் சாதிப் பட்டம் வால் மாதிரி பெயருக்குப் பின்னால் வருகிறது. இங்கே பலருக்கு அதைப் போட்டுக்கொள்ளக் கூச்சம். நல்ல கூச்சம்! நான் கூச்சம் என்று சொல்லும்போது அது கெட்டது என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து எதிரணியிலே இரண்டாவதாகப் பேசிய தம்பி ஒரு பெரிய குண்டு போட்டார். ‘ரமேஷ், சுரேஷ் என்று ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். இன்றைக்குத் தொட்டிலில் ஒரு ரமேஷைக் காட்டுங்கள் பார்ப்போம். ரமேஷ் என்ற பெயருக்கு என்ன கூச்சம்? அது காலத்தால்தானே போனது?’ என்றார். நல்ல கேள்வி. நானும் முப்பது வருஷமாகக் கல்லூரியிலே வருகைப் பதிவேடு எடுக்கிறவன். நான் சேர்ந்த புதிதில் ரமேஷ் என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்திருப்பார்கள். எஸ். ரமேஷ், கே. ரமேஷ், அப்புறம் ஒரு கறுத்த ரமேஷ். (சிரிப்பு) அப்புறம் விக்னேஷ் வந்தான், அவனும் போனான். ஒரு பெயரை எல்லாரும் வைத்தால் அது சலித்துப்போகும். அப்பா வயசுக்காரர்களுக்கு இருக்கிற பெயரைப் பிள்ளைக்கு வைக்கத் தோன்றாது. அது இயற்கை.

ஆனால் தம்பி, ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ரமேஷ் என்ற பெயர் பழசாகிப்போச்சு. அதனால் எந்த ரமேஷாவது போய்த் தன் பெயரை மாற்றிக்கொண்டானா? இல்லையே! அவன் பாட்டுக்கு ரமேஷாகவே வேலை பார்த்து, ரமேஷாகவே ஓய்வு பெறப்போகிறான். முனியாண்டி அப்படியா? கருப்பாயி அப்படியா? பழசான பெயரை அடுத்தவனுக்கு வைக்காமல் விடுவார்கள், அவ்வளவுதான். கூச்சப்பட்ட பெயரை, வைத்திருக்கிறவனே கழற்றிப் போடுகிறான். இதுதான் நான் நடுவர் முன்னால் வைக்கிற சாட்சி. (கைதட்டல்)

என்னிடம் படித்த ஒரு பெண். பேச்சியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அது இல்லை. முதுகலை முடிக்கப் போகிற நேரத்தில் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றாள். புதுப் பெயர் பிரீத்தி. ‘ஏம்மா?’ன்னு கேட்டேன். ‘ஹாஸ்டல்ல சிரிச்சாங்க, பழகிருச்சு சார். இன்டர்வியூவுல அந்தம்மா என் பேரைப் படிச்சுட்டுப் பக்கத்துல இருக்கிறவரைப் பார்த்து உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் கேட்ட ஒரு கேள்விக்கும் எனக்குப் பதில் வரலை’ என்றாள். வீட்டிலே சொல்லிவிட்டாயா என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். ‘குலசாமி கோயில்ல முடி இறக்கி வச்ச பேரு சார். எங்க அப்பத்தா பேரு. அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?’

கையெழுத்துப் போட்டேன். போடாமல் என்ன செய்ய? தமிழ்ப் பண்பாட்டைக் காப்பாற்றும் பாரத்தை அந்தப் பிள்ளை ஒருத்தி தலையிலா ஏற்றுவது? கேலி செய்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியவள் மட்டும் அவள்.

இந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் அல்லவா? முதலில் பண்ணை வீட்டு வாசலிலிருந்து வந்தது. உழைக்கிற மனுஷன் ஆசையாகத் தன் பிள்ளைக்கு முனுசாமி என்று வைப்பான். கருப்பசாமி என்று வைப்பான். ‘சாமியாவது பூதமாவது, டேய் முனியா, டேய் கருப்பா’ என்று அங்கே கூப்பிடுவார்கள். இவன் பெயரிலே சாமி இருந்தால் அவர்கள் வாயிலே அந்தச் சாமி வரணுமே! அதனால் பாதிப் பெயரை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அந்தக் கருப்பன் தன் மகனைப் படிக்கவைத்தபோது என்ன நினைப்பான்? வெட்ட முடியாத ஒரு பெயர் வேண்டும், கேட்டால் ஊரும் சாதியும் தெரியாத ஒரு பெயர் வேண்டும் என்று நினைப்பான். ரமேஷ் என்று வைத்தான். ரமேஷை என்னவென்று வெட்டுவது? அந்தத் தகப்பனை நான் கும்பிடுகிறேன் அய்யா. ஃபேஷனுக்காக வைத்தான் என்று அவனை யாரும் கேலி பேச வேண்டாம். (நீண்ட கைதட்டல்)

பண்ணை வீடு போனது, சினிமா வந்தது. கதாநாயகி பிரியா. பாத்திரம் தேய்க்கிறவள் முனியம்மா. கதாநாயகன் ராஜா. அடி வாங்குகிறவன் மாடசாமி. எத்தனை படத்திலே பார்த்தோம்! பெயரைச் சொன்னாலே கொட்டகையிலே சிரிப்பு. விதிவிலக்காக ஒன்று சொல்கிறேன். 1977-இல் வந்த ‘பதினாறு வயதினிலே’. ஊரெல்லாம் சப்பாணி சப்பாணி என்று கூப்பிடுகிற ஒருத்தனுக்கு, கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. இனிமேல் சப்பாணி என்று எவனாவது கூப்பிட்டால் கன்னத்தில் அறை என்று மயில் சொல்லிக்கொடுக்கிறாள். நம்ம முனியம்மாக்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க ஒரு மயில் வரவில்லை.

வராததால் என்ன ஆனது? கிராமத்திலே பாட்டி பெயர் முனியம்மாள். மகளுக்கு வைக்கும்போது கொஞ்சம் நாகரிகமாக முனீஸ்வரி. பேத்திக்கு மனிஷா! (பலத்த சிரிப்பு) சாமி கோவித்துக்கொள்ளக் கூடாது என்று முதல் எழுத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். முனியாண்டி பேரன் முனீஷ். மாரியப்பன் பேரன் மாரீஷ். எல்லைக் காவல் தெய்வத்துக்கெல்லாம் ‘ஷ்’ போட்டு, ‘ஷ்… சத்தம் போடாதே, யாருக்கும் தெரிய வேண்டாம்’ என்று வாயை மூடிவிட்டோம். (சிரிப்பு, கைதட்டல்) காலம் என்றால் பெயரையே விட்டிருப்பான். ஒளித்து வைக்கிறானே, அதுதான் கூச்சம்!

வெளிநாட்டுக்காரன் வாயில் நுழையாது என்று ஒரு வாதம் வைத்தார்கள். நம்ம தெருப் பையன் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் என்று தடுமாறாமல் சொல்கிறான். அவன் வாயில் ஸ்வார்ஸ்நேகர் நுழைகிறபோது அங்கே இருக்கிறவன் வாயில் அங்கயற்கண்ணி நுழைய மாட்டாளா? கொஞ்சம் பழகினால் நுழைவாள். நாம்தான் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டு, ‘கால் மீ அங்கி’ என்கிறோம். (சிரிப்பு)

அந்தக் காலத்திலே பெயரைச் சொன்னால் ஊரைச் சொல்லிவிடலாம். நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. கோமதி, சங்கரலிங்கம் என்றால் சங்கரன்கோவில். குழல்வாய்மொழி என்றால் குற்றாலத்துச் சாரல் அடிக்கும். தாயுமானவன் என்றால் திருச்சி மலைக்கோட்டை. காவிரியைத் தாண்டினால் அகிலாண்டம், ஜம்புகேஸ்வரன். தையல்நாயகி என்றால் வைத்தீஸ்வரன்கோவில். நீலாயதாட்சி என்றால் நாகப்பட்டினம். அங்கிருந்து வடக்கே நாலு எட்டு வைத்தால் நாகூர் மீரான். தெற்கே நடந்தால் வேளாங்கண்ணியில் ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. எல்லா மதத்துக்காரர்களும் பிள்ளையைக் கூப்பிடுகிற சாக்கில் ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். தபால்காரருக்கு அரை விலாசம் பெயரிலேயே இருக்கும். இன்றைக்கு ரியான் என்கிறான். எந்த ஊர் தம்பி என்றால் அவன் அடுக்குமாடிக் கட்டடத்தின் பெயரைச் சொல்கிறான். அது அதைவிட ஆங்கிலமாக இருக்கிறது!

இப்போது தமிழ்ப் பெயர் மறுபடியும் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது, மகிழ்ச்சி. இதற்கு முன்னாலும் ஒரு அலை வந்தது. வேதாசலம் மறைமலையானார், நாராயணசாமி நெடுஞ்செழியனானார், இராமையா அன்பழகனானார். அவர்களைப் பார்த்து வீட்டுக்கு வீடு தமிழ்ச்செல்வியும் அறிவழகனும் பிறந்தார்கள். இப்போது என் வகுப்பிலே யாழினி இருக்கிறாள், இனியன் இருக்கிறான், மணிமேகலைக் காப்பியத்திலிருந்து ஆதிரை எழுந்து வந்திருக்கிறாள். ஆதன் என்றுகூட வைக்கிறார்கள்.

இந்த ஆதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் வாத்தியாருக்கு இது விருப்பமான இடம், நடுவர் மணியடிக்காமல் இருக்க வேண்டும். தொல்காப்பியத்திலே இந்தப் பெயருக்குத் தனி விதியே இருக்கிறது. ஆதன், தந்தை என்ற இரண்டும் சேர்ந்தால் ஆந்தை. பூதன், தந்தை சேர்ந்தால் பூந்தை. பிசிராந்தையார் என்றால் பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதனுடைய அப்பா. இது தெரியாமல் ஒரு மாணவன் பரீட்சையிலே பிசிராந்தையார் இரவில் மட்டும் கண் தெரியும் புலவர் என்று எழுதிவிட்டான். (பலத்த சிரிப்பு) இலக்கணத்தில் விதி எழுதும் அளவுக்கு அந்தப் பெயர் ஊரெல்லாம் இருந்திருக்கிறது. சாத்தன், கொற்றன் எல்லாம் அப்படித்தான். ‘சாத்தன் வந்தான்’ என்று தினமும் இலக்கண வகுப்பில் நடத்துகிறேன். முப்பது வருஷத்தில் என் வகுப்புக்கு ஒரு சாத்தனும் வந்ததில்லை!

கீழடியைத் தோண்டினார்கள். 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. பானை ஓட்டிலே தமிழி எழுத்தில் ஆதன் என்று கீறியிருக்கிறது. குவிரன் ஆதன் என்று இருந்த இன்னொரு ஓட்டையும் படித்துச் சொன்னார்கள். தமிழ்நாடே நெஞ்சை நிமிர்த்தியது. நானும் நிமிர்த்தினேன். இந்த ஆதன் யார்? அரசனாகவும் இருக்கலாம். ஆனால் தன் பெயரைப் பானையில் கீறி வைத்தவன் பெரும்பாலும் நம்மைப் போல ஒரு சாதாரண ஆளாகத்தான் இருப்பான். பானை தொலைந்துவிடக் கூடாதே, பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்ற கவலை. அந்தக் காலத்து முனியாண்டி அய்யா அவன்!

இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்ததால் அவன் பெயருக்கு நாம் கூச்சப்படவில்லை. தாத்தா பெயருக்குக் கூச்சப்படுகிறோம், ஏனென்றால் அவர் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறார். ஓலையில் இருந்தால், ஓட்டில் இருந்தால் தமிழ்ப் பெயர். ரேஷன் கார்டிலே இருந்தால் பட்டிக்காட்டுப் பெயர். இது என்ன நியாயம்? (கைதட்டல்)

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் அய்யா.

இந்த நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போனதும், ஒரு நாற்காலியைப் போட்டு ஏறிப் பரணைப் பாருங்கள். சீர் வரிசையாக வந்த பித்தளை அண்டா இருக்கும், எவர்சில்வர் குடம் இருக்கும், தூக்குச்சட்டி இருக்கும். தூசியைத் துடைத்துவிட்டு விளிம்புக்குக் கீழே தடவிப் பாருங்கள். பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுத்திருப்பார். பெ. கருப்பாயி. மு. வீரம்மாள். சு. இசக்கியம்மாள். எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசியுங்கள். பக்கத்திலே உங்கள் பேத்தி நின்றுகொண்டு ‘யாரு தாத்தா அது?’ என்று கேட்பாள். சொல்லுங்கள். அவள் சிரிக்கிறாளா என்று மட்டும் பார்த்து, அடுத்த வாரம் எங்கள் நடுவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். அவர் அதைப் பார்த்துவிட்டே தீர்ப்புச் சொல்லட்டும், எங்கள் அணிக்கு ஒன்றும் அவசரமில்லை. (சிரிப்பு)



(நீண்ட கைதட்டல்)